ரூபாயில் எந்தப் பெண்? பெயரோடு, நோட்டா காசா என்பதையும் சொல்லுங்கள்

சில்லறை கேட்கிறார்:

மார்ச் 8 வந்தால் ரூபாய் நோட்டில் பெண் முகம் வேண்டும் என்று பேச்சு கிளம்புகிறது, 9-ஆம் தேதி அடங்கிவிடுகிறது. பெயர்ப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வேலு நாச்சியார், ஜான்சி ராணி, சாவித்ரிபாய் பூலே, சரோஜினி நாயுடு, முத்துலட்சுமி ரெட்டி. யாரும் அடுத்த கேள்விக்குப் போவதில்லை. நோட்டிலா, காசிலா? முன்பக்கமா, பின்பக்கமா? காந்தி இருக்கும்போது இவர் எங்கே? யாரிடம் கேட்பது?

அரசுக்கு ஒரு மனு எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்த இழை. பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் சட்டம், அச்சு, வெளிநாடுகளில் நடந்தது எதுவானாலும் விவரத்தோடு எழுதுங்கள்.

---

அச்சுமசி:

முதலில் ஒரு எச்சரிக்கை. "இந்திய நோட்டில் இதுவரை பெண்ணே இல்லை" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் இந்திய அரசு 1861 சட்டத்தின்கீழ் வெளியிட்ட முதல் நோட்டுகளே விக்டோரியா ராணியின் முகம் போட்டவைதான். 10, 20, 50, 100, 1000 என்று ஐந்து மதிப்பு, ஒரு பக்கம் மட்டும் அச்சு. கள்ளநோட்டு பெருகியதால் விலக்கிக்கொண்டு, 1867-ல் வேறு வரிசை கொண்டுவந்தார்கள். "சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புழக்க நோட்டு எதிலும் பெண்ணின் முகம் முதன்மைப் படமாக இல்லை" என்று எழுதுங்கள், அது நிற்கும்.

இனி சட்டம். ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 25. நோட்டின் வடிவமைப்பு, அளவு, எந்தப் பொருளில் அச்சிடுவது எல்லாவற்றையும் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும். கவர்னருக்கு மட்டும் கடிதம் போட்டால் பாதிக் கதவைத்தான் தட்டுகிறீர்கள். நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

காந்தியை எடுத்துவிட்டு இன்னொருவரை வைக்கச் சொல்லும் மனு முதல் மேஜையைத் தாண்டாது. 1969 நூற்றாண்டு வரிசையில் முதலில் வந்தார், 1987-ல் 500 ரூபாயில் வந்தார், 1996 முதல் வரிசை முழுக்க அவர்தான். வேறு தலைவர்களைச் சேர்க்கலாமா என்று 2010-ல் ரிசர்வ் வங்கி குழு போட்டுப் பார்த்து, காந்தியே போதும் என்று முடித்துவிட்டது. தாகூரும் கலாமும் வரப்போகிறார்கள் என்று 2022 ஜூனில் செய்தி ஓடியபோதும், அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று வங்கி உடனே மறுத்தது.

அதனால் பின்பக்கத்தைக் கேளுங்கள். இப்போதைய வரிசையில் பின்பக்கம் எல்லாம் கட்டடங்கள்தான்: 10-ல் கோனார்க், 20-ல் எல்லோரா, 50-ல் ஹம்பி, 200-ல் சாஞ்சி, 500-ல் செங்கோட்டை. 100-ஐப் பாருங்கள். அந்த ஊதா நோட்டின் பின்னால் இருப்பது குஜராத் பாட்டனில் உள்ள ராணி கி வாவ் என்ற படிக்கிணறு. கணவர் முதலாம் பீமதேவன் நினைவாக 11-ஆம் நூற்றாண்டில் ராணி உதயமதி கட்டியது என்பது வரலாறு. ஒரு பெண் எழுப்பிய கட்டடம் 2018 முதல் எல்லார் பையிலும் இருக்கிறது, நோட்டில் அவர் பெயர்தான் இல்லை. "ராணி கி வாவ்" என்று இருக்கும் வரியில் உதயமதியின் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டாலே நல்ல தொடக்கம். செலவும் அதிகமில்லை.

இன்னொரு சந்தும் உண்டு: ஒரு ரூபாய் நோட்டு. அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, இந்திய அரசு. நிதிச் செயலர் கையெழுத்து இருக்கும். 2011 நாணயச் சட்டத்தின் கண்ணில் அது "காசு"தான், பிரிவு 25 அதைத் தொடாது. காந்தியின் முகமும் அதில் கிடையாது, ரூபாய்க் காசின் படமும் சாகர் சாம்ராட் எண்ணெய்க் கிணற்று மேடையும்தான். அச்சுக்கூலி மதிப்பை மிஞ்சியதால் 1994-ல் நிறுத்தி 2015-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். கல்யாண மொய்க் கவரைத் தவிர வேறெங்கும் கண்ணில் படாது என்பது இதன் குறை.

---

தேய்ந்தகாசு:

நோட்டை விடுங்க, காசுக்கு வாங்க. அங்கே சட்டம் லேசு. 2011 நாணயச் சட்டப்படி மத்திய அரசே அறிவிக்கை போட்டு முடிச்சிடலாம், 1000 ரூபாய் மதிப்பு வரைக்கும்.

பெண்கள் காசுல ஏற்கெனவே வந்திருக்காங்க. 1985-ல இந்திரா காந்தி, 50 பைசாவிலும் 5 ரூபாயிலும். 2009-ல கேரளத்துப் புனிதர் அல்போன்சா, 2010-ல அன்னை தெரசா, 2014-ல பாடகி பேகம் அக்தர், 2015-ல நாகா தலைவி ராணி காய்தின்லியு. எம்.எஸ். அம்மா நூற்றாண்டுக்கு 2017-ல 100 ரூபாய், 10 ரூபாய். 2020-ல விஜயராஜே சிந்தியா 100 ரூபாய். 2023-ல மீராபாய்க்கு 525 ரூபாய், 2025 மே 31-ல அகில்யாபாய் ஹோல்கருக்கு 300 ரூபாய்.

525 ரூபாய்க் காசைக் கொடுத்து யாராவது காய்கறி வாங்கியிருக்காங்களா? 100 ரூபாய் நினைவுக் காசு 44 மில்லிமீட்டர், 35 கிராம், பாதி வெள்ளி. டப்பாவுல வச்சு முகமதிப்புக்குப் பல மடங்கு விலையில நாணயச்சாலை விக்குது, சேகரிக்கிறவங்க வாங்கிப் பெட்டியில பூட்டிடறாங்க. ஒரு வெளியீட்டு விழா, ஒரு போட்டோ, அவ்வளவுதான். என் கணக்குல இதெல்லாம் பதக்கம். மனுவுல "நினைவு நாணயம்"னு எழுதினீங்கன்னா உங்களுக்கும் இன்னொரு டப்பாதான் வரும். "பொதுப் புழக்கத்துக்கான காசு"ன்னு அழுத்திக் கேளுங்க.

அமெரிக்காவுல கால் டாலர்ல 2022-லிருந்து 2025 வரை வருஷத்துக்கு அஞ்சு பேர்னு 20 பெண்களைப் போட்டாங்க, முதல் ஆள் மாயா ஏஞ்சலோ. அத்தனையும் சில்லறையா கையில வந்த காசு. ஆனா அதை அப்படியே இங்கே எடுத்து வைக்காதீங்க. நம்ம ஊர்ல 10 ரூபாய்க் காசு பட்ட பாடு தெரியும்ல? தமிழ்நாட்டுல டீக்கடையிலிருந்து பஸ் வரைக்கும் வாங்க மாட்டேன்னு சொன்னாங்க. 15 கோடு இருந்தா போலி, ரூபாய்க் குறி இல்லைன்னா போலின்னு வதந்தி. கடைசியில 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கி 14 வடிவமும் செல்லும்னு அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. இதுக்கு மேல அதுல 20 முகத்தை ஏத்தினா அந்தக் காசு செத்துடும்.

அதனால 20 ரூபாய்க் காசு. 12 பக்கம், 27 மில்லிமீட்டர், 8.54 கிராம். அந்த வடிவத்துல வேற காசே இல்ல, கண் தெரியாதவங்களும் விரலால தடவிச் சொல்லிடலாம். சிங்கமுகப் பக்கத்தை அப்படியே விட்டுட்டு, தானியக் கதிர் இருக்கிற பக்கத்தை மட்டும் மாத்தலாம்.

வடிவத்துல கோட்டை விட்டா என்ன ஆகும்னு 1979-ல, பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடின சூசன் பி. அந்தோணி முகம் போட்ட டாலர் காட்டிச்சு. புழக்கத்துக்கு வந்த அமெரிக்கக் காசுல நிஜமா வாழ்ந்த ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. முதல்ல 11 பக்கக் காசாத்தான் யோசிச்சாங்க, விற்பனை இயந்திரக்காரங்க எதிர்த்ததால வட்டமாக்கி, உள்விளிம்புல மட்டும் 11 பக்கக் கோடு போட்டாங்க. விட்டம் 26.5 மில்லிமீட்டர், கால் டாலர் 24.3. நிறமும் ஒண்ணு, விளிம்பு வரியும் ஒண்ணு. ஜனங்க கால் டாலர்னு நினைச்சு டாலரைக் கொடுத்து ஏமாந்தாங்க, அப்புறம் தொடவே இல்ல. முதல் வருஷத்துல மட்டும் 75 கோடிக்கு மேல அடிச்சதெல்லாம் கிடங்குல தூங்குச்சு. பேர் கெட்டது அந்தம்மாவுக்கு, தப்பு அளவுல.

---

வரைகோடு:

முகத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நோட்டு என்றால் பாதி முடிவு அங்கேதான்.

நோட்டில் ஆள் முகம் வைப்பது மரியாதைக்காக மட்டுமல்ல. கட்டடத்தில் ஒரு தூண் கொஞ்சம் சாய்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. பழகிய முகத்தில் உதட்டோரம் இம்மி மாறினாலும் கண் உறுத்தும். கள்ளநோட்டு அங்கேதான் மாட்டுகிறது. அந்த முகத்தை இண்டாக்ளியோ முறையில் அச்சடிக்கிறார்கள். தகட்டில் கோடாகவும் புள்ளியாகவும் செதுக்கி, பள்ளத்தில் மசி நிரப்பி, கடும் அழுத்தத்தில் தாளை அழுத்தினால் மசி மேடாக எழும்பி நிற்கும். புது நோட்டில் காந்தி முகத்தைத் தடவினால் சொரசொரப்பது அதனால்தான். நிழலுக்கு மசியைக் கூட்டிக் குறைக்க முடியாது. கோட்டின் தடிப்பும் நெருக்கமும்தான் நிழல்.

இந்த முறைக்குத் தாடி, சுருக்கம், கண்ணாடி எல்லாம் வரப்பிரசாதம், கோடு போட இடம் கிடைக்கும். இளம் முகம்தான் சோதனை. ஜப்பான் 2004-ல் 5000 யென்னில் எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோவைப் போட்டது. அவர் 24 வயதில் இறந்தவர், வழவழப்பான முகம். கோட்டைக் கூட்டினால் வயதாகிவிடும், குறைத்தால் முகம் தட்டையாகி நகலெடுக்கச் சுலபமாகிவிடும். செதுக்கும் வேலை இழுத்துக்கொண்டு போனது. நம் பட்டியலில் யாராவது ஆனந்திபாய் ஜோஷியைச் சொன்னால் இதே சிக்கல் வரும். அவர் 21 வயதில் போனவர்.

அதே முகம் தாளுக்குள் வாட்டர்மார்க்காகவும் இருக்க வேண்டும். அது அச்சகத்தில் வருவதில்லை, தாள் ஆலையில் கூழ் தாளாகும்போதே பதிவது. ஆக முன்பக்க முகத்தை மாற்றினால் தகடு, தாள் ஆலையின் அச்சு உருளை, வங்கிகளில் நோட்டு எண்ணிப் பிரிக்கும் இயந்திரங்களின் பதிவு மூன்றும் மாற வேண்டும். நீள அகலமும் மாறினால் ஏடிஎம் பெட்டிகளும் சேரும், 2016-ல் பட்டது போதும். பின்பக்கம் மட்டும் என்றால் வாட்டர்மார்க் தொடப்படாது. அச்சுமசி சொன்ன யோசனைக்கு இது கூடுதல் பலம்.

மூலப் படம் வேண்டும், அதுவும் அந்த ஆள் உயிரோடு இருந்தபோது எடுத்தது. காந்தியின் முகமே 1946-ல் பிரிட்டிஷ் அமைச்சர் பெத்திக் லாரன்ஸுடன் நின்றபோது எடுத்த புகைப்படத்திலிருந்து வெட்டியதுதான். மூலம் சரியில்லாவிட்டால் எப்படி ஆகும் என்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின். அவர் இருந்தபோது அக்கா கசாண்ட்ரா வரைந்த சிறு கோட்டோவியம் ஒன்றுதான் ஆதாரம். 2017-ல் வந்த 10 பவுண்டு நோட்டுக்கு எடுத்ததோ, அதைப் பார்த்துப் பிற்காலத்தில் மெருகேற்றிச் செய்த படம். முகத்தை அழகாக்கிவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். போதாததற்கு, வாசிப்பதைப் போல் இன்பம் உண்டா என்று அடியில் ஒரு வரி. அதை ஆஸ்டினின் நாவலில் சொல்வது கரோலைன் பிங்லி, புத்தகத்தில் துளி ஆர்வமில்லாமல் வாசிப்பதாக நடிக்கிறவள்.

எழுத்து என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா 2018-ல் விட்ட 50 டாலரில் முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் எடித் கோவனின் கன்னிப் பேச்சை நுண்ணெழுத்தில் போட்டார்கள். பொறுப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டு, அந்தப் பிழை ஒரே நோட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது. கண்டுபிடித்தபோது 4 கோடியே 60 லட்சம் நோட்டு வெளியே போயிருந்தது.

இந்தக் கணக்கில் உங்கள் பட்டியலை வைத்தால் சரோஜினி நாயுடுவும் முத்துலட்சுமி ரெட்டியும் தேறுவார்கள். நடுவயது, முதுமை இரண்டிலும் நல்ல புகைப்படங்கள் உண்டு. வேலு நாச்சியார் தேற மாட்டார். 18-ஆம் நூற்றாண்டு, அவரைப் பார்த்து வரைந்த படம் என்று எதுவும் கைவசம் இல்லை. 2008 தபால்தலையில் இருப்பது ஓவியரின் கற்பனை.

---

காளையார்கோவில்:

வரைகோடு ஐயா, படம் இல்லை என்பதை வைத்து ஆளையே கழிப்பது நியாயமில்லை. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைக் கம்பெனிப் படையிடம் பறிகொடுத்து, விருப்பாட்சியில் எட்டாண்டு இருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தவர். அந்தக் காலத்தில் யார் படம் பிடித்தார்கள்?

அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு தங்கநிற டாலரில் இருக்கும், லூயிஸ்-கிளார்க் பயணக் குழுவுக்கு உதவிய பழங்குடிப் பெண் சகாகவியாவுக்கும் படம் கிடையாது. ஷோஷோனி இனத்து மாணவி ஒருவரை மாதிரியாக வைத்துச் சிற்பி முகம் செய்தார், முதுகில் குழந்தையோடு. யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. பழைய காலத்தில் முகமே இல்லாமலும் பெண்கள் காசில் இருந்திருக்கிறார்கள். இலங்கையில் பொலன்னறுவையை ஆண்ட லீலாவதியின் செப்புக் காசில் "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்று நாகரி எழுத்துதான். ஜஹாங்கீர் காலக் காசில் நூர்ஜஹானின் பெயர் இருக்கிறது. காஷ்மீரத்தில் கணவன் க்ஷேமகுப்தன் பெயருக்கு முன்னால் ராணி தித்தாவின் பெயரின் முதலெழுத்து.

---

வரைகோடு:

காசுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன தடை நோட்டின் முகத்துக்கு. காசில் புடைப்புச் சிற்பம்தான், கள்ளத்தனத்தைப் பிடிக்கும் வேலை முகத்தின் தலையில் இல்லை. அறிவிக்கையில் "கற்பனை உருவம்" என்று ஒரு சொல் போட்டுவிட்டால் நேர்மையாகவும் இருக்கும்.

---

கொச்சிக்காயல்:

எல்லாரும் தனித்தனி ஆளாக யோசிக்கிறீர்கள். அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களை ஏன் யாரும் சொல்லவில்லை? தாட்சாயணி வேலாயுதன் (1912–1978) அதில் இருந்த ஒரே தலித் பெண். கொச்சிக்காரர், ஆனால் சபைக்குப் போனது சென்னை மாகாணத்திலிருந்து. அம்மு சுவாமிநாதனும் துர்காபாயும் அதே மாகாணம்தான். ஹன்சா மேத்தா பிறகு ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில் "ஆண்கள் அனைவரும்" என்று பொருள்படும் தொடரை "மனிதர்கள் அனைவரும்" என்று மாற்ற வைத்தவர்.

எல்லா மாநிலத்துக்கும் பொதுவான கூட்டம் இது. ஒரு ராணியைப் போட்டால் பக்கத்து மாநிலத்து ராணியைக் கேட்பார்கள். இங்கே அந்தச் சண்டை குறையும். முன்மாதிரியும் உண்டு. கனடா 2004-ல் 50 டாலர் பின்பக்கத்தில், பெண்களும் சட்டப்படி "நபர்"தான் என்று வழக்காடி வென்ற ஐந்து பெண்களை ஒன்றாகப் போட்டது. தனித்தனி முகங்களாக இல்லை, அவர்களுக்கு வைத்த சிலைத் தொகுதியையே வரைந்தது.

தேர்வு முறைக்கும் கனடாவைப் பாருங்கள். 2016-ல் பொதுமக்களைக் கேட்டார்கள், 26,000-க்கு மேல் பரிந்துரை வந்தது. விதியில் தேறியவர்கள் 461 பேர். அதை 12 ஆக்கி, 5 ஆக்கி, நிறவெறியை எதிர்த்து நின்ற கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்டில் முடித்தார்கள். 2018-ல் 10 டாலர் நோட்டு கைக்கு வந்துவிட்டது. கனடியராக இருக்க வேண்டும், கற்பனைப் பாத்திரமாக இருக்கக் கூடாது, இறந்து 25 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பவை முக்கிய விதிகள். அந்த 25 ஆண்டு விதிதான் ஆளுங்கட்சி தன் ஆளைச் செருகுவதைத் தடுப்பது. இங்கே பொருத்தினால் முத்துலட்சுமி (1968), தாட்சாயணி (1978), தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் (1984) மூவரும் தேறுவார்கள். எம்.எஸ். (2004) காத்திருக்க வேண்டும்.

விதி எழுதாமல் அறிவித்தால், அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஹாரியட் டப்மன் கதைதான். 2016 ஏப்ரலில் 20 டாலருக்கு என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறியது, 2019-ல் தள்ளிப்போட்டார்கள். கள்ளநோட்டுத் தடுப்புக்காக 10, 50, 20 என்ற வரிசையில்தான் மாற்றுவோம் என்ற அட்டவணைப்படி 20-க்கு 2030.

---

அச்சுமசி:

15 பேர் என்பது நோட்டில் நடக்காது. 100 ரூபாய் நோட்டே 142-க்கு 66 மில்லிமீட்டர். அதில் எண், மொழிப் பட்டை, தூய்மை இந்தியா கண்ணாடி எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் 15 முகம் என்றால் ஒவ்வொன்றும் நகக்கண் அளவுதான் வரும். நாலு நாள் கைமாறினால் மூக்கும் வாயும் அழிந்துவிடும். மூன்று பேர், அல்லது சபைக் கூடமும் அதன்முன் இருவரும் என்று கேளுங்கள்.

---

சில்லறை:

எல்லாருக்கும் நன்றி. மனுவை இப்படி அமைக்கிறேன். முதல் கோரிக்கை: 20 ரூபாய்ப் புழக்கக் காசில் ஆண்டுக்கு ஒருவர், கனடா பாணி மூன்று விதியோடு; முதல் ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி, பிறகு தாட்சாயணி, வேலு நாச்சியார். இரண்டாவது: அடுத்த நோட்டு வரிசையில் ஏதேனும் ஒன்றின் பின்பக்கம் நிர்ணய சபைப் பெண்கள். மூன்றாவது: 100 ரூபாயில் உதயமதியின் பெயர். முத்துலட்சுமி முதலில் என்பதற்குக் காரணம் தமிழர் என்பதல்ல. 1927-ல் சென்னைச் சட்டமன்றத் துணைத்தலைவர், தேவதாசி ஒழிப்புக்கு மசோதா கொண்டுவந்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். மருத்துவம், சட்டம் இரண்டும் ஒரே ஆளிடம்.

---

தேய்ந்தகாசு:

சாவித்ரிபாயை விட்டுட்டீங்களே. 1848-ல புனேயில பெண் பிள்ளைங்களுக்குப் பள்ளி நடத்தினவங்க. மகாராஷ்டிரத்துலேர்ந்து ஒரு கையெழுத்துகூட வராது. நாலாவதா சேருங்க.

இன்னொண்ணு. 20 ரூபாய்க் காசு ரெண்டு உலோகம், நடுவட்டம் தனி, வெளிவளையம் தனி. அடிக்கும்போதுதான் ரெண்டும் ஒண்ணா இறுகுது. முகம் அந்தச் சேர்மானக் கோட்டுமேல விழுந்தா நெத்தியிலயோ மோவாயிலயோ பிளவு மாதிரி தெரியும், கோட்டை ஒட்டின இடத்துல புடைப்பும் சரியா எழாது. முகம் முழுசா நடுவட்டத்துக்குள்ளேயும், பேரும் வருஷமும் வளையத்துலேயும் வர்ற மாதிரி மாதிரிப்படம் வரைஞ்சு மனுவோட இணைச்சு அனுப்புங்க. பக்கவாட்டு முகமா இருந்தா நல்லது, நேர்முகத்துல மூக்குதான் முதல்ல தேயும்.